பழஞ்சேலையில் ஏந்திய தீ

ஆவாரங்காட்டு வீதியில் திருமூர்த்தி செய்த ஆயில் பர்னர் அணைய மாட்டேன் என்று நின்ற செய்தி, மறுநாள் பால்காரர் மணியடிப்பதற்குள் வீதி முழுக்கப் பரவிவிட்டது. பரவியும் ஒருவர்கூட வாயைப் பிளக்கவில்லை, அதுதான் அவன் மனைவி பொற்கொடியை முதலில் பயமுறுத்தியது. கோயமுத்தூருக்குக் கிழக்கே பம்பு கம்பெனிகளுக்கும் பவுண்டரிகளுக்கும் நடுவில் ஒண்டிக்கொண்டிருக்கிற அந்த வீதிக்காரர்கள் எதற்கும் லேசில் அசருகிறவர்கள் இல்லை; குழாயில் சொன்ன நாளில் தண்ணீர் வந்தால் ஆச்சரியப்படுவார்கள், மற்றதெல்லாம் அவர்களுக்கு நடக்கிறதுதான். "அணையலையா? அப்ப கேஸ் மிச்சம்" என்று சொல்லிவிட்டு, பக்கத்து வீட்டு வசந்தாமணியக்கா குளிக்க வெந்நீர் போட ஒரு அண்டாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

திருமூர்த்தி கெட்டிக்காரன்தான், அதில் சந்தேகமில்லை. அவனுடைய கெட்டிக்காரத்தனத்துக்குக் கை உண்டு, கண் கிடையாது. பம்பு உறை வார்க்கிற பவுண்டரியில் மோல்டராக இருந்தவன், அங்கே வேலை வாரத்தில் பாதி நாளாகச் சுருங்கியதும், வீட்டுக்குப் பின்னால் சொந்தமாக ஒரு உலை போட்டு அலுமினியப் புல்லி வார்க்கலாம் என்று கிளம்பினான். கரி உலை போட்டால் புகைக்கு வீதி சும்மா விடாது, கேஸ் கட்டுப்படியாகாது, டூவீலர் ஒர்க்‌ஷாப்புகளில் வடித்துக் கொட்டுகிற கறுப்பு ஆயிலைத்தான் கேட்டால் கும்பிட்டுக் கொடுக்கிறார்கள் என்பதால், அதை எரிக்கிற பர்னரைத் தானே செய்வது என்று முடிவு கட்டினான். பழைய இரும்பு டிரம்முக்குள் தீச்செங்கல் அடுக்கி, களிமண் குழைத்துப் பூசி, அடிவயிற்றில் ஒரு துளை போட்டு, துளையில் இரண்டங்குலக் குழாயைச் செருகி, குழாயின் வெளிமுனையில் எவனோ தூக்கியெறிந்த புளோயரை மாட்டி, குழாய்க்குள்ளே பிரேக் ஆயில் போகிற மெல்லிய செம்புக் குழாயை விட்டு, சுவரில் உயரமாக ஆயில் கேனைக் கட்டி, இரண்டுக்கும் நடுவில் ஒரு வால்வை வைத்தான். முதல் தடவை புகைதான் வந்தது. அடுத்த தடவை ஆயில் எரியாமல் தரையெல்லாம் ஒழுகியது. அதற்கடுத்த தடவை தீ பின்பக்கமாகப் பாய்ந்து அவனுடைய இடது புருவத்தைத் தின்றுவிட்டுப் போனது. ஆறு மாத வயிற்றைப் பிடித்துக்கொண்டு பொற்கொடி விழுந்து விழுந்து சிரித்தாள். அப்படிப் பயமில்லாமல் சிரிக்க அவளுக்கு அதற்குப் பிறகு வெகுநாள் வாய்க்கவில்லை.

பர்னர் வேலைக்கு ஒரு முறை இருக்கிறது. உலைக்குள் முதலில் ஆயிலில் நனைத்த துணியைப் போட்டுப் பற்றவைக்க வேண்டும். காற்றை மெல்லத் திறந்து, துணித்தீ நின்று எரிகிறது என்று தெரிந்த பிறகுதான் ஆயிலைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். செங்கல் சிவந்துவிட்டால் பிறகு தீ சொந்தக் காலில் நிற்கும். அணைக்கும்போது ஆயிலை முதலில் மூடி, காற்றைக் கடைசியில் நிறுத்த வேண்டும். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் எல்லாம் முறைப்படி நடந்தது. துணி பற்றியது, காற்று வந்தது, ஆயில் சொட்டியது, உலை முதலில் இருமியது, பிறகு முனகியது, பிறகு மூச்சுப் பிடித்து ஓவென்று ஒரே குரலில் கத்தியது, உருக்குகிற மூசைக்குள் போட்ட அலுமினியத் துண்டுகள் பாலாக உருகின. திருமூர்த்தி ஒரு புல்லி வார்த்தான், பெருமையாக மீசையைத் தடவினான், ஆயிலை மூடினான், காற்றை நிறுத்தினான், புளோயரின் ஒயரையும் பிடுங்கிச் சுருட்டினான். தீ அப்படியே எரிந்துகொண்டிருந்தது.

"செங்கல் குடிச்ச ஆயில் எரியுது. தானா அடங்கும்" என்றான்.

அடங்கவில்லை. மறுநாள் தண்ணீர் ஊற்றினார்கள், பால் பொங்கி வழிந்த வாசனையோடு ஆவி வந்ததே தவிர தீ அசையவில்லை. மணலைக் கொட்டினார்கள், அது பழுத்துச் சரிந்து வழிவிட்டது. மூடியைப் போட்டு மூடினார்கள், மூடிக்குள்ளிருந்து வந்த முனகலைக் கேட்கப் பொறுக்காமல் வசந்தாமணியக்காவே வந்து இடுக்கியால் மூடியை எடுத்துவிட்டாள். அதோடு அணைக்கிற முயற்சி நின்றுபோனது.

சும்மா எரிகிற தீக்குப் பக்கத்தில் சும்மா இருக்க நம் ஜனங்களுக்குத் தெரியாது. ஒருத்தி நிலக்கடலை வறுக்க வந்தாள், ஒருத்தி மழைக்கு நனைந்த யூனிபாரத்தை உலர்த்த வந்தாள், ஆட்டோக்காரர் ஒருவர் தன் வண்டியில் வடித்த ஆயிலை வீணாக்குவானேன் என்று கேனில் ஊற்றிவிட்டுக் கும்பிட்டுப் போனார், அவரைப் பார்த்து மற்ற ஆட்டோக்காரர்களும் ஊற்றிக் கும்பிட்டார்கள், டீக்கடைக்காரர் கடையையே இரண்டடி நகர்த்திக்கொண்டார், கால் வலிக்காரர்கள் முட்டியைக் காட்டிக்கொண்டு வட்டமாக உட்கார்ந்தார்கள், இப்படியாக ஒரு வாரத்துக்குள் அந்தத் தீ இல்லாமல் அந்த வீதி எப்படி இருந்தது என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. புகை ஆபீசிலிருந்து ஒரு அதிகாரி வந்தார். மோந்து பார்த்தார், புகை இல்லை; வால்வைப் பார்த்தார், மூடியிருந்தது; ஒயரைப் பார்த்தார், சுருட்டி ஆணியில் மாட்டியிருந்தது. "எதுவுமே இல்லாம எரியறதுக்கு நான் எந்தச் சட்டத்துலீங்க நோட்டீஸ் குடுக்கறது?" என்று திருமூர்த்தியிடமே கேட்டுவிட்டு, ஒரு டீ குடித்துவிட்டுப் போனார்.

அதில் வார்த்த புல்லிகள் ஆறவில்லை என்பது அடுத்து தெரிந்தது. கைக்குச் சுகமான ஒரு கதகதப்பு அவற்றில் தங்கிவிட்டது, தண்ணீரில் போட்டு எடுத்தாலும் போகவில்லை. மிஷினுக்கு ஆகாத புல்லியைப் பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர் ஒருவர் கூடை கூடையாக வாங்கிப் போய்க் குஞ்சுகளுக்கு நடுவில் வைத்தார், குஞ்சுகள் அதைத் தாய்க்கோழி என்று நினைத்து அண்டிக்கொண்டன. திருமூர்த்திக்கு மூச்சுவிட நேரமில்லாமல் வேலை வந்தது. அவனும் ஊரும் சந்தோஷமாக இருந்தார்கள், பொற்கொடியைத் தவிர.

அவள் துணி காயப்போடப் பின்னால் போனால் தீ அவள் பக்கம் சாயும். காற்று மேற்கே அடித்தாலும் அவள் கிழக்கே நின்றால் கிழக்கே சாயும். அவள் நடந்தால் டிரம்மின் வாய் வழியாக ஒரு நுனியை நீட்டி அவள் போகிற பக்கமெல்லாம் திரும்பும். ரேஷன் கடைக்குப் போய் வரிசையில் நின்றாள் என்றால் வீட்டில் உலை கத்துகிற சத்தம் கடை வரைக்கும் கேட்கும். திரும்பி வந்து உலைக்குப் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தால் அந்தக் கத்தல் தணிந்து, தொண்டைக்குள் ஒரு மெல்லிய சத்தமாக மாறும். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் பிள்ளை பெற்றவர்கள் எல்லோருக்கும் அது என்ன என்று தெரிந்துவிட்டது. பால் கிடைத்த குழந்தை போடுகிற சத்தம் அது.

"கொழந்தைதான் அம்மிணி, சந்தேகமே இல்ல" என்றாள் வசந்தாமணியக்கா. சொன்னதோடு நிற்கவில்லை, கண்மையைக் குழைத்து வந்து டிரம்மின் பக்கவாட்டில் ஒரு பெரிய திருஷ்டிப் பொட்டு வைத்தாள். ஏழாம் மாதம் வீதிப் பெண்கள் பொற்கொடிக்கு வளையல் போட்டபோது ஒரு வளையலை உலைக் குழாயிலும் மாட்டினார்கள். அதன் பிறகு அவளைப் பார்க்கிறபோதெல்லாம் புத்தி சொல்ல ஆரம்பித்தார்கள்: அத்தனை நேரம் அதைத் தனியாக விடாதே, பக்கத்தில் கொஞ்சம் உட்கார்ந்து எழு, கத்தவிடாதே, கத்தினால் தொண்டை கட்டும். தீக்குத் தொண்டை கட்டுமா என்று ஒருத்தியும் யோசிக்கவில்லை. பொற்கொடிக்கு அழுகையாக வந்தது, இவர்கள் கேலி செய்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

ஏனென்றால் வயிறு குளிர்ந்துகொண்டிருந்தது. எட்டாம் மாதத்தில் ஒரு காலை குளித்துவிட்டு வயிற்றைத் தொட்டவள், மண்பானையைத் தொட்டதுபோல் கையை எடுத்துக்கொண்டாள். சித்திரை வெயிலில் எல்லோருக்கும் வேர்த்தது, அவளுடைய வயிறு மட்டும் வேர்க்கவில்லை, அதன்மேல் பொட்டுப் பொட்டாகக் குளிர்த்தண்ணீர் பூத்தது. செக்கப்புக்குப் போனபோது நர்ஸ் கையை வைத்துவிட்டு, "ஏம்மா, ஃப்ரிட்ஜுக்குள்ள இருந்து எந்திரிச்சு வந்தியா?" என்று கேட்டாள். பிறகு குழாயை வைத்து வெகுநேரம் கேட்டாள். "துடிப்பு இருக்குது. மெதுவாத்தான் இருக்குது. எதுக்கும் அடுத்த வாரம் வா" என்றாள், இந்தமுறை சிரிக்காமல்.

திருமூர்த்தி நிறைய புல்லி வார்க்கிற நாளில் வயிற்றில் பிள்ளை அசைவதில்லை. இதைப் பொற்கொடி ஒருமுறை கவனித்தாள், தற்செயல் என்று நினைத்தாள். மறுமுறை கவனித்தபோது அப்படி நினைக்க முடியவில்லை. உலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாய்ந்தரம் வரை வயிற்றில் கை வைத்துக் காத்திருந்தாள், உள்ளே ஒரு புரளல் இல்லை, ஒரு உதை இல்லை, தீ மட்டும் அவளுக்கு எதிரே கொழுகொழுவென்று எரிந்தது. ஆயில் இல்லாமல், காற்று இல்லாமல் அது எதை எரிக்கிறது என்று இத்தனை நாள் ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டியவள் தானே என்று அவளுக்கு அப்போது தெரிந்தது, பதிலும் தெரிந்துவிட்டது.

ஒன்பதாம் மாதம் பிறந்ததும் பிரசவத்துக்கு வேண்டியதை எடுத்துவைக்க இரும்புப் பெட்டியைத் திறந்தாள். பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் ஏந்தக் கூடாது, கட்டிக் கட்டித் துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பழஞ்சேலையில்தான் ஏந்த வேண்டும், அதுவும் பெற்று வளர்த்தவள் ஒருத்தி உடுத்திய சேலையாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். பொற்கொடி பள்ளிக்கூடம் போகிற வயதிலேயே அவளுடைய அம்மா போய்விட்டாள்; அம்மாவின் சேலை என்று மிஞ்சியது ஒரே ஒரு சுங்கடிதான். பெட்டியில் அது இல்லை. பிள்ளைக்கென்று ஆறாம் மாதத்திலேயே அதைத் துவைத்துப் பின்கொடியில் காயப்போட்டது ஞாபகம் வந்தது, எடுத்து மடித்தது ஞாபகம் வரவில்லை.

"ஏனுங்க, எங்கம்மா சுங்கடிச் சேலையப் பாத்தீங்களா? ஊதாவுல வெள்ளப் புள்ளி போட்டது."

திருமூர்த்தி கையிலிருந்த இடுக்கியைக் கீழே வைத்தான்.

"கொடிக்குக் கீழதான் வேஸ்ட் மூட்டை இருந்துது, அதுமேல உழுந்து கெடந்துது. மொத நாள் பத்தவெக்கத் துணி தேடுனேன். கைக்கு மெத்துனு இருந்துது. பனியன் வேஸ்ட்டுன்னு நெனச்சுக் கிழிச்சுட்டேன்."

"பாதியவா?"

"முழுசையுந்தான் அம்மிணி. நல்லாப் பத்திக்கிச்சேன்னு ஒண்ணொண்ணாப் போட்டுட்டே இருந்தேன்."

இது வேறு சீமையில் நடக்காது. திருப்பூரிலிருந்து மூட்டை மூட்டையாகப் பனியன் துணுக்கு வந்து இறங்குகிற பட்டறைகளில், மெத்தென்ற பருத்தித் துணி எதுவானாலும் அது எண்ணெய்க் கையைத் துடைக்கிறதுக்கும் அடுப்புப் பற்றவைக்கிறதுக்கும் பிறந்தது. அது யார் கட்டிய சேலை என்று மிஷின்காரன் கை கேட்பதில்லை. பொற்கொடி அவனைத் திட்டவில்லை. பிள்ளையை ஏந்த வைத்திருந்த சேலையில் தீயை ஏந்தியாயிற்று. ஏந்தியவர்கள் வீட்டில் அது பிள்ளையாக இருக்க நினைத்தது அதன் தப்பு இல்லை. அது முதலில் வந்துவிட்டது. முதலில் வந்தது குடித்ததுபோக மிச்சம் என்று வயிற்றுக்குள் இருப்பதற்கு ஒன்றும் இல்லை. அவ்வளவுதான் கணக்கு, அதை அவனிடம் அப்படியே சொன்னாள்.

"இனி ஒண்ணு கூட வார்க்க மாட்டேன்" என்றான் திருமூர்த்தி. "நீ பெரியம்மா ஊட்டுக்குப் போயிரு. தூரமாப் போனா விட்டுரும்."

காங்கேயம் பஸ்ஸில் ஏற்றிவிட்டான். பஸ் சூலூர் தாண்டுவதற்குள் பின்னால் தூரத்தில் ஒரு சத்தம் கேட்டது. டிரைவர் டயர் என்று நினைத்து நிறுத்திப் பார்த்தார், டயர் நன்றாக இருந்தது. பல்லடம் தாண்டியும் அந்தச் சத்தம் கேட்டது, பஸ்ஸில் இருந்த கைக்குழந்தைகள் ஒன்று பாக்கியில்லாமல் எழுந்து அழுதன. பெரியம்மா வீட்டு வாசலில் கால் வைக்கும்போது போன் வந்தது. தீ டிரம்முக்கு வெளியே வந்துவிட்டது, வசந்தாமணியக்கா வீட்டு ஓலைச் சாய்ப்பு போய்விட்டது, அடுத்து கூரையைப் பிடிக்கும். திருமூர்த்தியின் கையிலிருந்து போனைப் பிடுங்கி வசந்தாமணியக்காவே கத்தினாள்: "ஒண்ண ஊட்டுல போட்டுட்டு ஒண்ணத் தூக்கீட்டு ஓடுறியே, இது உனக்கு அடுக்குமாடீ? வாடி மொதல்ல!" சாய்ப்பு எரிந்த கோபத்தைவிடக் குழந்தையை அழவிட்ட கோபம்தான் அந்தக் குரலில் அதிகம் இருந்தது. எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒன்று சாகும் என்ற பயத்தோடு பொற்கொடி வந்த பஸ்ஸிலேயே திரும்பினாள்.

அவள் வந்து முக்காலியில் உட்கார்ந்ததும் தீ தேம்பித் தேம்பி அடங்கியது. வீதி போய் வேலையைப் பார்த்தது. வயிற்றுக்குள் இரண்டு நாளாக ஒன்றுமே அசையவில்லை.

அடுத்த நாள் காலையில் தண்ணீர்க் குடத்தோடு வந்தவள், எதிர்வீட்டுப் பரிமளாவின் படியருகே நின்றுவிட்டாள். பரிமளாவின் இரண்டு வயதுப் பையன் தரையில் புரண்டு அழுதுகொண்டிருந்தான், நாக்கை நாக்கைத் துடைத்தான், மறுபடி அம்மாவின் மடியில் ஏறப் பார்த்தான், மறுபடி முகத்தைச் சுளித்துக்கொண்டு விழுந்தான். பரிமளா அவனைத் தொடாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவள் கன்னத்தில் கண்ணீர் ஓடியது.

"என்ன பண்றே பரிமளா? புள்ள இந்தக் கத்துக் கத்துறான்?"

"பால் மறக்கடிக்கறேங்க்கா. வேப்பங்கொழுந்த அரைச்சுத் தடவியிருக்கறேன். அடுத்தது வயித்துல வந்துருச்சு, ரெண்டுக்கும் நான் எங்க போறது?"

பொற்கொடியின் இடுப்பிலிருந்த குடம் நழுவப் பார்த்தது. "அழுதா என்ன பண்ணுவே?"

"அழுகட்டும். பேசப்படாது, தொடப்படாது, ஏன்னு கேக்கப்படாது. பாவம்னு ஒருவாட்டி தூக்கீட்டா அப்பறம் என்னைக்கும் முடியாது. கசப்பு ஏறுனா அதுவே போயிருமுங்க்கா."

பொற்கொடி குடத்தை அங்கேயே வைத்துவிட்டு எண்ணெய் ஆட்டுகிற செக்குக்கு நடந்தாள். வேப்பெண்ணெய் டின்னோடு திரும்பி வந்தவளைத் திருமூர்த்தி ஏற இறங்கப் பார்த்தான். அவள் இரண்டு வார்த்தையில் சொன்னாள். அவனுக்குப் புரிந்தது, கை உள்ளவனாயிற்றே, முதலில் கைவேலைதான் தோன்றியது. "வேப்பெண்ணெய் கெட்டியா இருக்கும், கொழா மொனையில அடைச்சுக்கும். சுட வெச்சு ஊத்தோணும்" என்றான். ஆட்டோக்காரர்கள் ஊற்றிய ஆயிலை வடித்தான், கேனைக் கழுவினான், செம்புக் குழாயை ஊதிப் பார்த்தான், வேப்பெண்ணெயை உள்ளே சமையலடுப்பில் இளக்கிக் கொண்டுவந்து ஊற்றினான், சுருட்டியிருந்த ஒயரைப் பிரித்துச் செருகினான். பிறகு, "வால்வு மட்டும் எங்கையால திருகச் சொல்லாதே" என்று சொல்லிவிட்டுப் போய், வீதிக் கதவைச் சாத்தி அதில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டான்.

அவன் செய்வதைப் பார்த்துப் பார்த்து அவளுக்கும் முறை தெரியும். காற்றை முதலில் திறந்தாள். தீ சந்தோஷமாக நிமிர்ந்து, அவள் பக்கம் சாய்ந்து, கொழுத்த நுனியை நீட்டியது. வால்வைத் திருகினாள்.

முதல் சொட்டுகளைத் தீ ஆசையாகத்தான் வாங்கியது. பிறகு ஒரு கணம் சத்தமே இல்லாமல் நின்றது. பிறகு துப்பியது. மஞ்சள் மஞ்சளாகத் துப்பி, கறுத்த புகையைக் கக்கி, டிரம்முக்குள் சுருண்டு சுருண்டு புரண்டு, பர்னர் வேலை என்று ஒன்று உலகத்தில் தொடங்கிய நாள் முதலாக எந்த உலையும் கத்தியிராத கத்தாகக் கத்தியது. கசப்பு நாற்றம் வீதியை மூடியது. வெந்நீர் அண்டாக்கள் அதிர்ந்து உருண்டன. ஆறாத புல்லிகள் கூடைக்குள் கணகணவென்று அடித்துக்கொண்டன. வீதியில் பால் கொடுக்கிற பெண்கள் அத்தனை பேருக்கும் மாரில் பால் சுரந்து ஜாக்கெட் நனைந்தது, பிள்ளை வளர்ந்து காலேஜுக்குப் போய்விட்டவர்களுக்கும் நெஞ்சு வலித்தது. எல்லோரும் ஓடிவந்து கதவை இடித்தார்கள்.

"நீயெல்லாம் ஒரு பொம்பளையாடி?" வசந்தாமணியக்காவின் குரல் மற்ற குரல்களுக்கு மேலே கேட்டது. "பச்சத் தீயி அழுகுது, காதுல உழுகலையா? கதவத் தொற திருமூர்த்தி! நான் தூக்கிக்கறேன்!"

திருமூர்த்தி கதவைத் திறக்கவில்லை. அவனும் அழுதான், ஆனால் முதுகை எடுக்கவில்லை.

பொற்கொடி முக்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்தாள். ஒவ்வொரு முறை கத்தல் தணிகிறபோதும் இன்னும் கொஞ்சம் திருகினாள். தீ அவளைச் சுட வந்தது, சுடாமல் திரும்பிப் போனது. காலடி வரைக்கும் தவழ்ந்து வந்தது, சேலை நுனியைப் பிடிக்காமல் நின்றது. அதற்கு அவளைச் சுடத் தெரியவில்லை, அவளுக்கு அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. மத்தியானம் சாய்ந்தது. தீ ஒரு ஆள் உயரத்திலிருந்து அடுப்பளவுக்கு வந்தது, அடுப்பளவிலிருந்து கை விளக்களவுக்கு வந்தது, கத்திக் கத்திக் குரல் கம்மிப்போய், மூச்சு வாங்கி, இருந்த பலத்தையெல்லாம் கூட்டி, கடைசியில் தெளிவாக ஒரு வார்த்தை சொன்னது.

"அம்மா."

கதவுக்கு வெளியே இடிப்பது நின்றுவிட்டது. பொற்கொடியை அதுவரை உலகத்தில் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. 'என்ன சாமி' என்ற பதில் அவளுடைய நெஞ்சுக்குழியிலிருந்து கிளம்பித் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் வயிற்றில் இருப்பது போய்விடும் என்று அவளுக்குத் தெரியும். சொல்லாவிட்டால் தன்னை முதலில் அம்மா என்று கூப்பிட்டது தன் கையால் போய்விடும் என்பதும் தெரியும். முந்தானையைச் சுருட்டி வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். வால்வைக் கடைசி வரைக்கும் திருகினாள். தீ இன்னொரு முறை கூப்பிட்டது, கேள்வி கேட்கிறதுபோல. பிறகு ஒரு குன்றிமணியளவாகி, செங்கலுக்குள் ஒடுங்கி, அணைந்தது.

வெகுநேரம் அவள் அசையவில்லை. முதலில் முதுகில் வேர்த்தது, பிறகு வயிற்றில் வேர்த்தது, பிறகு உள்ளே யாரோ காலை ஓங்கி ஒரு உதை விட்டார்கள். அவள் முந்தானையை வாயிலிருந்து எடுத்துவிட்டு ஓவென்று அழுதாள். அவள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று திருமூர்த்தி நினைத்துக்கொண்டான், அதில் பாதி உண்மை.

வீதி இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. மூன்றாம் நாள், எரிஞ்சப்ப எரிஞ்சுது, அணைஞ்சப்ப அணைஞ்சுது என்று சொல்லி அவரவர் அடுப்பை அவரவர் பற்றவைத்துக்கொண்டார்கள். டீக்கடைக்காரர் கடையைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார். புல்லிகளெல்லாம் ஒரே நாளில் ஆறிவிட்டன என்று கோழிப்பண்ணைக்காரர் சண்டைக்கு வந்து, வசந்தாமணியக்காவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போனார். திருமூர்த்தி மறுபடி பவுண்டரிக்கே போனான். அணைந்த உலையைப் பிரித்துவிடலாமா என்று ஒருநாள் கேட்டவன், பொற்கொடியின் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் கேட்கவில்லை. பெண் குழந்தை பிறந்தது, கதகதவென்று பிறந்தது. பரிமளா தன் பழஞ்சேலை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தாள், அதில்தான் ஏந்தினார்கள்.

பிள்ளை குப்புற விழுந்து, தவழ்ந்து, சுவரைப் பிடித்து நின்றது. ஒரு மத்தியானம் வீதிப் பெண்களெல்லாம் பொற்கொடி வீட்டு வாசலில் உட்கார்ந்து பூக்கட்டிக்கொண்டிருந்தபோது, நடுவில் உட்கார்ந்திருந்த பிள்ளை நாரை வாயிலிருந்து எடுத்துவிட்டு, பொற்கொடியைப் பார்த்து, "அம்மா" என்றது.

எல்லோரும் கை தட்டினார்கள். "மொதப் பேச்சே அம்மாதான் பாரு!" என்றாள் பரிமளா. "ஏன்னு கேளுடி, பதில் சொல்லுடி!" என்று வசந்தாமணியக்கா அவள் தோளைப் பிடித்துத் தள்ளினாள்.

பொற்கொடிக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. மடியிலிருந்த பூவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பிள்ளை அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு மறுபடி கூப்பிட்டது. அவள் குனிந்து அந்த விரல்களை ஒவ்வொன்றாக மெல்லப் பிரித்தாள்.

"இரு கண்ணு, வந்தர்றேன். உங்கண்ணன் உனக்கு முன்னாலயே கூப்புட்டுட்டான். அவனுக்கு ஏன்னு கேட்டுட்டு வந்து உன்னயத் தூக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் பின்னால் உலையிடம் போனாள்.